ஆட்டுக்கால் சூப்பும் அத்தையின் நோட்டும்

என் அத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியால்தான் புருஷனைவிட்டு வந்தாள் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டிலேயே அப்பா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொல்லையில் நின்று கொஞ்சம் சிரித்தார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கட்டிக்கொடுத்து எட்டு வருடமாகியிருந்தது, குழந்தை இல்லை. மாமாவுக்கு மன்னார்குடிப் பக்கம் உரக்கடை. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தபோது, பரணில் சேர்ந்திருந்த பழைய பேப்பரையெல்லாம் மாமா வாசலில் வந்த பழைய பேப்பர்காரரிடம் தூக்கிப் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு சிவப்பு வாளி வாங்கி வைத்தார். அந்தக் கட்டோடு அத்தையின் நீள நோட்டும் போய்விட்டது. மூன்று வருடமாக மத்தியானங்களில், மாமா கடையில் இருக்கும் நேரத்தில், அவள் எழுதி வந்த நாவல் அது.

அத்தை முதலில் சத்தம்கூடப் போடவில்லையாம். மாமா சொன்ன சமாதானம்தான் காரியத்தைக் கெடுத்தது. "நோட்டுதானே, வேற வாங்கித் தர்றேன். நீ எழுதுனதுதானே, ஞாபகம் இருக்கும்ல? திருப்பி எழுதிக்க" என்றாராம். அத்தை நாலு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கல்யாணமான பெண் பிறந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினால் எங்கள் ஊரில் காரணம் கேட்பார்கள். அம்மா ஒரு காரணத்தைத் தயார் செய்தாள்: உடம்பு சரியில்லை, நல்லா வைத்துப் பார்க்கலாம் என்று அழைத்து வந்திருக்கிறோம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு அடையாளமாக வீட்டில் ஏதாவது நடக்கவேண்டும். அப்படித்தான் எங்கள் வீட்டில் சூப் ஆரம்பித்தது.

புரட்டாசி மாதம் என்பதால் கறி கிடையாது. முருங்கைக்கீரை சூப், வாழைத்தண்டு சூப், கொள்ளு சூப் என்று அம்மா மாற்றி மாற்றி வைத்தாள். அத்தை சோற்றைத் தொடாமல் சூப்பை மட்டும் குடித்தாள். குடித்துவிட்டு நடப்பாள். கூடத்திலிருந்து கொல்லைக் கதவு, கொல்லைக் கதவிலிருந்து கூடம். போன நாவலின் முதல் வரி என்ன என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஆற்றங்கரையில் ஒரு குடும்பம், அதில் மூன்று சகோதரிகள், இவ்வளவுதான் தெரிகிறது, வார்த்தை ஒன்றுகூட வரமாட்டேன் என்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். மாமா தினமும் அப்பாவின் போனில் கூப்பிட்டார். அப்பா போனை நீட்டுவார். அத்தை தலையை ஆட்டிவிட்டு மறுபடி நடப்பாள்.

அவள் நடப்பது என்னையும் தொற்றிக்கொண்டது. எனக்குப் பத்து வயது. வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. அப்பா பாட்டுக்கு நடவு முடிந்த வயலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்கும் அலைந்தார். வீட்டில் நிலையாக இருந்தது அடுப்பு ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மா ஆட்டுக்கால் வாங்க என்னை அனுப்பினாள். கறிக்கடை பாய் காலைத் தீயில் வாட்டிக்கொண்டே, "யாருக்கு பாப்பா உடம்பு முடியல?" என்று கேட்டார். பொதுவாக உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் எனக்கு உத்தரவு. ஆனால் ஆட்டுக்கால் சூப் எலும்புக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருந்ததால், கொஞ்சம் பொருத்தமாக இருக்கட்டுமே என்று, "அத்தைக்குக் கால் எலும்பு முறிஞ்சுபோச்சு" என்றேன். பாய் பதறிப்போய் இரண்டு கால் கூடுதலாகப் போட்டார். சாயங்காலம் தெருப் பெண்கள் மூன்று பேர் ரொட்டியும் ஹார்லிக்ஸும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். கூடத்துக்கும் கொல்லைக்குமாக விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த அத்தை அவர்களைப் பார்த்து நின்றாள். "இப்பதான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கா" என்று அம்மா ஒருவழியாகச் சமாளித்தாள். அவர்கள் போன பிறகு எனக்குக் கிடைத்ததைச் சொல்லவேண்டியதில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் அது நடந்தது. அம்மா மிளகு, சீரகம், தனியா, பூண்டு எல்லாம் தட்டிப்போட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, ஆட்டுக்காலை குக்கரில் ஏற்றியிருந்தாள். ஐந்தாவது விசிலோ ஆறாவதோ, அந்த வாசனை கூடத்துக்கு வந்தபோது அத்தை நடையை நிறுத்தினாள். நேரே சமையலறைக்குள் போனாள். குக்கரை உற்றுப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம், "உங்கிட்ட எழுதாத நோட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். என் ரஃப் நோட்டில் முன்னால் நாலு பக்கம்தான் கணக்குப் போட்டிருந்தேன். கொடுத்தேன். அவள் அதை அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்து, நின்றபடியே, என் மைப் பேனாவால் எழுத ஆரம்பித்தாள்.

அது மூன்று சகோதரிகளின் கதை இல்லை. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் சூப் விற்கும் ஒரு பெண்ணும், தினமும் அங்கே குடிக்க வரும் ஒரு பஸ் டிரைவரும் வரும் கதை. "பழசு வரல, இது வேற என்னமோ வருது" என்றாள் அத்தை. சொல்லும்போது பயந்தவள்போலத்தான் இருந்தாள்.

அதற்குப் பிறகு சமையலறை அவளுடையதாகிவிட்டது. அடுப்பில் சூப் கொதித்தால்தான் எழுத்து வரும். இறக்கிவைத்து ஆறிவிட்டால் பேனாவும் நின்றுவிடும். "அரிசி எடுக்கணும், கொஞ்சம் நகந்துக்கயேன்" என்று அம்மா படியோடு காத்திருப்பாள். "ஒரு வரி அண்ணி, ஒரே ஒரு வரி" என்பாள் அத்தை. அந்த ஒரு வரி முடிய எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமே தள்ளிப்போனது. இப்போது நானும் எழுதிப் பிழைக்கிறவள். ஒன்றும் ஓடாத நாட்களில் எதையாவது வேகவைத்து, ஆவி முகத்தில் படும்படி நின்றுகொள்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கை சும்மா இருக்கும்போது மனது அடிபட்ட நாய்போல ஓடுகிறது. ஒரு சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் உட்காருகிறது. அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். வீட்டில் கேட்க ஆள் வேறு யாரும் இல்லை. நான் சில பக்கங்களை மனப்பாடமாகவே சொல்வேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மாமா வந்தார். சொல்லாமல் வந்தார். அத்தை எனக்குப் பாவாடைத் துணி எடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவோடு கும்பகோணம் போயிருந்தாள். காலையிலிருந்து நல்ல மழை. அப்பா வயலில் தேங்கிய தண்ணீரை வடியவைக்க மண்வெட்டியோடு போயிருந்தார். மாமா குடையை வாசலில் சாத்திவிட்டு, உரச் சாக்குக்குள் வைத்துக் கட்டிய ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெரிய உருவம். ஆனால் எங்கே உட்காரலாம் என்று யாராவது சொல்லவேண்டும் என்பதுபோல நின்றார்.

"வாங்கண்ணே, உட்காருங்க" என்று அம்மா அவசரமாக ஈரத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். அடுப்பில் இருந்தது சூப்தான். அதையே ஊற்றிக் கொடுத்தாள். "அவ கும்பகோணம் போயிருக்கா. நான் போய் இவங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்துர்றேன். பாப்பா, மாமாவுக்கு இன்னொரு டம்ளர் ஊத்திக் குடு" என்று ஒரு சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடினாள்.

மாமா மூட்டையைப் பிரித்தார். உள்ளே புது நீள நோட்டுகள், பன்னிரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நூலால் கட்டியிருந்தது. ஒரு பக்கம்கூட நனையவில்லை.

"பழைய பேப்பர் கிடங்குல போயி மூணு நாள் தேடினேன் பாப்பா" என்றார், என்னைப் பார்க்காமல். "கடையைச் சாத்திட்டுத் தேடினேன். எல்லாத்தையும் அரைக்க அனுப்பிட்டாங்களாம்."

அவர் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. "பழசு போனா போவுது மாமா. அத்தை புதுசா எழுதுறாங்க. காட்டவா?" என்றேன். அவர் ஏதும் சொல்வதற்குள் ஓடிப்போய் அரிசி டிரம்மின் மேலிருந்த நோட்டை எடுத்துவந்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினார். திரும்பி வரும்போது கையை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி போய் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகுதான் வாங்கினார்.

உதடு அசைய, மெதுவாகப் படித்தார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அத்தை எழுதியதில் அவர் படித்த முதல் பக்கம் அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. நாலைந்து பக்கம் போன பிறகு, "இதுல நான் வர்றேனா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. அந்த அக்காவுக்கு இன்னும் கல்யாணமே ஆவல."

"சரிதான்" என்றார். மேலே படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய் மூன்று பக்கம் தலை தூக்கவே இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருந்தது, வண்டியில் எலும்புக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வது. அதற்கு அவர் எப்போது வருவார் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். இரண்டாவது டம்ளர் சூப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அதைவிட இது நல்லாருக்கும் மாமா" என்று பக்கத்தைப் புரட்டக் குனிந்தேன். டம்ளர் அப்படியே நோட்டின்மேல் கவிழ்ந்தது.

நீல மை மஞ்சள் சூப்பில் கலங்கி ஓடியதை இன்றைக்கும் என்னால் பார்க்கமுடிகிறது. மாமா கத்தவில்லை. நோட்டைத் தூக்கிச் சாய்த்து வடித்தார். தோளிலிருந்த துண்டை ஒவ்வொரு பக்கத்திலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். "துடைக்கக் கூடாது, துடைச்சா எழுத்து போயிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழையில் கரண்ட் போயிருந்தது, ஃபேன் இல்லை. அவர் நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். கேஸ் அடுப்பைச் சின்னதாக ஏற்றி, நனைந்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, தீக்கு ஒரு முழம் மேலே பிடித்துக் காயவைக்க ஆரம்பித்தார். நான் காலி டம்ளரோடு அரிசி டிரம்மின் பின்னால் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள்.

தன் புருஷன் தன் நோட்டை அடுப்புத் தீயில் பிடித்துக்கொண்டிருப்பதைத்தான் அவள் பார்த்தாள். ஒரே அலறலாக அலறினாள். பாய்ந்து வந்து நோட்டைப் பிடுங்கினாள்.

"கொளுத்தல... கொளுத்தல" என்றார் மாமா. "காயவைக்கிறேன். சூப் கொட்டிருச்சு."

"யாரு கொட்டினா?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். கை தவறிடுச்சு."

நான் வாயைத் திறந்தேன். கறிக்கடையில் கேட்காமலேயே எலும்பை முறித்தவளுக்கு, மூன்று வார்த்தை உண்மை சொல்ல வரவில்லை.

"ஒண்ணைத் தொலைச்சது பத்தலயா உங்களுக்கு?" என்றாள் அத்தை. அதற்குள் அப்பாவும் அம்மாவும் சேற்றுக்காலோடு வந்து நின்றார்கள். அப்பா நோட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "என்ன மாப்ள இது" என்றார். மாமா வாசலுக்குப் போய்க் குடையை எடுத்தார். விரித்துப் பிடித்துக்கொண்டு, படியிறங்காமல் திரும்பினார்.

"அந்தப் பஸ் டிரைவர் சொல்லாம கொள்ளாம போயிட்டானே" என்றார் அத்தையிடம். "திரும்பி சூப் குடிக்க வருவானா?"

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்திருக்கவேண்டும். அத்தை நோட்டை நெஞ்சோடு பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அந்தத் தீபாவளியை நான் கொண்டாடவில்லை. புதுப் பாவாடை இடுப்பில் குத்தியது. மத்தாப்பு கையில் எரிந்து முடிவதற்குள் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு இடத்தில் உட்காரமுடியவில்லை. அத்தை இருக்கும் இடத்தில் இருக்கமுடியவில்லை, இல்லாத இடத்திலும் இருக்கமுடியவில்லை. அவளோ மாமா கொண்டுவந்த கட்டைத் தீபாவளி முடிந்தும் இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் நூலைப் பிரித்து ஒரு நோட்டை எடுத்தாள். கெட்டுப்போன பக்கங்களை அதில் திருப்பி எழுத ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள். "இந்த இடம் சுத்தமா கலைஞ்சுபோச்சு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே, என்ன எழுதியிருந்தேன்?"

நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடம். சொல்ல ஆரம்பித்தேன்: அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டே, கடைசிப் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்... இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். அழுதுகொண்டே, "மாமா கொட்டல அத்தை. நான்தான் கொட்டினேன்" என்றேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"நீ கொட்டினப்ப அவரு என்ன செஞ்சுக்கிட்டிருந்தாரு?"

"படிச்சுக்கிட்டிருந்தாரு."

"சும்மா புரட்டிப் பாத்தாரா, படிச்சாரா?"

"படிச்சாரு அத்தை. கைய ரெண்டு தடவ கழுவிட்டு வந்து படிச்சாரு. ஒரு இடத்துல சிரிச்சாரு."

"எந்த இடத்துல?"

"சில்லறை இல்லன்னு ஒருத்தர் ரெண்டாவது டம்ளரும் குடிப்பாரே, அங்க."

அத்தை நோட்டை எடுத்துக்கொண்டாள். அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள். அப்பா புரியாமல் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். அவள் எண்களை அழுத்தும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். இவள் மன்னிப்புக் கேட்பாள், என் பெயர் வரும், மாமா அந்தப் பக்கத்திலிருந்து பரவாயில்லை என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன்.

"நான்தான் பேசுறேன்" என்றாள் அத்தை. போனோடு கூடத்துக்கும் கொல்லைக்குமாக இரண்டு தடவை நடந்தாள். கடைசியில், "வருவாருன்னுதான் நினைக்கிறேன். இன்னும் எழுதல. எழுதுன வரைக்கும் படிக்கவா?" என்று கேட்டாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நோட்டைப் பிரித்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள்.

தை பிறந்து பத்து நாள் கழித்துத்தான் அவள் மன்னார்குடிக்குத் திரும்பிப் போனாள்; கதை முடிந்த பிறகு. அதுவரை ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவின் போன் சார்ஜ் தீரும்வரை படித்தாள். கோபம் எப்போது தீர்ந்தது என்று கேட்டதற்கு, "யாரு தீந்துச்சுன்னு சொன்னா?" என்றாள். அது இருக்கட்டும்.

அந்த முதல் சாயங்காலம் எனக்குப் பெரிய ஏமாற்றம். என் வாழ்க்கையின் மிகப் பெரிய உண்மையைச் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டக்கூட யாருக்கும் நேரமில்லை. அத்தை படித்துக்கொண்டே இருந்தாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வாசற்படியில் சாய்ந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே கிளம்பிய அப்பாகூடச் செருப்பை மாட்டியபடி அங்கேயே நின்றுவிட்டார். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இல்லவே இல்லாத ஒரு டிரைவர் திரும்பி வருவானா என்று இத்தனை பெரியவர்கள் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.